பழுதுபார்க்கக் கூடாத கேட்

எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, அது யாருடைய தவறு என்று விசாரித்து முடித்த பிறகுதான் அடுப்பைத் துடைக்க முடியும் என்று என் மனைவி கேலி செய்வாள். "பால வெச்சது நான், பக்கத்துல பேப்பர் படிச்சிட்டு நின்னது நீங்க. உக்காந்து தீர்ப்பச் சொல்லுங்க, அப்புறமா துணி எடுக்கறேன்" என்பாள். அவள் சொல்வது பொய்யில்லை. என் வேலை அப்படி. வாலிபம் தொடங்கித் தலை நரைக்கும்வரை அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் இழப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். கால் போனவர், கண் போனவர், புருஷனைப் பறிகொடுத்தவள் என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். எல்லோரிடமும் நான் கேட்டது ஒரே கேள்விதான். தவறு யார் பக்கம்?

இன்று அதே பிரிவிலிருந்து நீங்கள் வந்திருக்கிறீர்கள். ஜன்னலோர மேஜை உங்களுடையதாமே. அதன் கீழ் இழுப்பறை மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும், முட்டியால் ஒரு இடி இடித்தால் திறக்கும். வேறு யாராவது வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தொழில் தெரிந்தவரிடம் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் அழகு எனக்கு எப்போதும் அந்த ஒரு இடத்தில்தான் தெரிந்தது. ஒருவருக்கு அடிபட்டுவிட்டது என்பதற்காகவே இன்னொருவர் கொடுக்க வேண்டியதில்லை. அந்த இன்னொருவர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டிருக்க வேண்டும், அல்லது செய்யக் கூடாததைச் செய்திருக்க வேண்டும். தவறு இல்லையென்றால் பொறுப்பும் இல்லை. இடி விழுந்தால் வானத்தின் மேல் வழக்குப் போட முடியுமா? ஓய்வு பெற்ற பிறகு இந்தக் குடியிருப்புக்கு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்றுதான் நானும் ஒத்துக்கொண்டேன்.

நீங்கள் உள்ளே வரும்போது வாசல் கேட்டைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் தள்ளுகிற இரும்பு கேட். கீழே தண்டவாளத்தில் சக்கரம் ஓடும், மேலே தூணில் இருக்கிற உருளைகள் சாயாமல் பிடித்துக்கொள்ளும். தண்டவாளம் முடிகிற இடத்தில் ஒரு இரும்புத் துண்டு பற்றவைத்திருப்பார்கள். ஸ்டாப்பர் என்பார்கள். கேட் அதில் முட்டி நிற்கும். அது இல்லாவிட்டால், வேகமாகத் தள்ளும்போது கேட் தண்டவாளத்தைத் தாண்டி உருளைகளிலிருந்து விடுபட்டு, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அதன் எடையைத் தூக்க நாலு ஆள் போதாது.

எங்கள் கேட்டின் ஸ்டாப்பர் துருப்பிடித்து உடைந்து விழுந்தது. அதை முதலில் பார்த்து என்னிடம் சொன்னவர் வாட்ச்மேன். வண்டி பின்னால் எடுப்பவர்களுக்கெல்லாம் விசில் ஊதி வழி காட்டுவார், அதனால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் விசில்காரர். "சார், கேட்டு முனையில ஸ்டாப்பர் போயிடுச்சு. புள்ளைங்க தள்ளி விளையாடுது. சீக்கிரம் போடணும்" என்றார். பார்க்கலாம் என்றேன். கார்களுக்குப் பாதி திறந்தால் போதும், லாரி வந்தால்தான் முழுக்கத் தள்ள வேண்டும். அவசரமில்லை என்று நினைத்தேன். பிறகு மறந்துபோனேன். மறதி மனிதருக்கு இயல்புதானே.

ஒரு நாள் விசில்காரர் யாருக்கோ பெட்டி தூக்கிக்கொண்டு மேலே போயிருந்த சமயத்தில், பார்சல் கொண்டுவருகிறவர் தன் வண்டியை உள்ளே எடுக்கத் தானே கேட்டைத் தள்ளினார். கேட் அவர் கால்மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகளாம். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வழக்கில் அவர் எழுதியது என்ன தெரியுமா? 'செயலாளரின் அலட்சியமே காரணம்.' என் அலட்சியம். எத்தனை பேருடைய அலட்சியத்தை எடைபோட்டுச் சொன்னவன் நான். அந்த வரியைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் வக்கீலிடம் நானே வழியைச் சொல்லிக் கொடுத்தேன். இந்த கேட்டுக்கு ஸ்டாப்பர் என்ற ஒன்று தேவையே இல்லை, நிதானமாகத் தள்ளுகிறவர்களுக்கு இத்தனை காலமும் எதுவும் ஆனதில்லை, அவசரப்பட்டது பார்சல்காரர். இதுதான் எங்கள் பதில். அப்படிப் பதில் சொன்ன கையோடு, அதே இடத்தில் புது ஸ்டாப்பரைப் பற்றவைத்தால் என்ன அர்த்தம்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொல்லுகிற கதைதான். தேவையில்லை என்றாயே, இப்போது ஏன் போட்டாய் என்று எதிர்த்தரப்பு கேட்குமா கேட்காதா? அதனால் குடியிருப்புக் கூட்டத்தில் கண்டிப்பாகச் சொன்னேன். விழுந்த கேட்டைத் தூக்கித் தண்டவாளத்தில் ஏற்றியாகிவிட்டது, அதற்கு மேல் வழக்கு முடியும்வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது. பழுதுபார்ப்பது தவறை ஒப்புக்கொள்வதற்குச் சமம். நிரூபணமானால் எல்லோர் தலையிலும்தான் விடியும் என்றேன். முன்வரிசையில் இருந்த பல் டாக்டர், "நமக்கு வாய்ச்ச செயலாளர் மாதிரி யாருக்கு வாய்க்கும்" என்றார். கைதட்டினார்கள்.

விசில்காரருக்கு மட்டும் இது ஏறவில்லை. மறுநாள் படிக்கட்டில் என்னை மறித்தார்.

"சார், கோர்ட்டுல என்னையும் கூப்பிடுவாங்களாமே."

"கூப்பிடலாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்."

"ஸ்டாப்பர் உடைஞ்சத செயலாளர்கிட்ட சொன்னியான்னு கேட்டா?"

"எங்கிட்டயா சொன்னீங்க? எனக்கு ஞாபகம் இல்லையே."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, எனக்கு ஞாபகப்படுத்துகிற தோரணையில். "சொன்னேனே சார். நீங்க இதே படியில நின்னுட்டிருந்தீங்க, கையில முருங்கைக்காய் இருந்துச்சு. பொய் சொல்லி எனக்கு என்ன சார் ஆகப்போகுது? பாவம், கால் போன ஆளு."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் அவர் பேச்சை உடைப்பது எளிது. அவரைப் பார்க்கிற எவரும் அவர் சொல்வதை நம்புவார்கள். தவறைத் தவறாக்குவது அது தெரிந்திருந்தது என்பதுதான் இல்லையா? உடைந்தது தெரியாது என்றால் விபத்து. தெரிந்தும் விட்டேன் என்றால் அலட்சியம். நடுவில் நின்றது அந்த ஒரு மனிதரின் ஞாபகம்.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்து, கேட் ஓரம் வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபோது தண்டவாள முனையில் ஒரு இரும்புத் துண்டு இருந்தது. புதிதாகப் பற்றவைத்து, கண்ணில் படாமலிருக்கக் கறுப்பு அடித்திருந்தது. யாருடைய வேலை என்று கேட்கவே வேண்டாம். தெருமுனைப் பட்டறைக்காரர் விசில்காரருக்குக் கூட்டாளி. பட்டறையில் கிடந்த துண்டு இரும்பை வைத்து இருவரும் காதும் காதும் வைத்ததுபோல் வேலையை முடித்திருக்கிறார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது போல. நான் அவரைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. திட்டினால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும்.

அந்த வாரம்தான் கோர்ட்டிலிருந்து ஒருவர் வந்து கேட்டை நேரில் பார்க்கப் போவதாக வக்கீல் சொன்னார். புது ஸ்டாப்பர் அவர் கண்ணில் பட்டால் எங்கள் பதில் அங்கேயே செத்துப்போகும். விசில்காரர் மனைவிக்குக் கண் ஆபரேஷன் என்று லீவு போட்டிருந்தார். நல்ல நாள் அமைந்தது என்று தோன்றியது. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் பட்டறைக்காரரை வரச்சொல்லி, வைத்த கையாலேயே அதை வெட்டி எடுக்கச் சொன்னேன்.

அவர் கட்டிங் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "விசிலண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா சார்? அவரு இது இருக்குன்னு நெனச்சு இப்பல்லாம் இழுத்து ஒரே தள்ளா தள்ளி விட்டுடறாரு."

"சொல்லிட்டேன்" என்றேன்.

இந்த விஷயம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதைத்தான் பட்டறைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். மறுக்கவில்லை. வெட்டிய இடம் பளபளவென்று தெரிந்தது. நானே மண்ணையும் எண்ணெயையும் குழைத்துப் பூசினேன். பூந்தொட்டிகளைப் பழையபடி நகர்த்தி வைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, மனைவியிடம் தைலம் தேய்த்துவிடச் சொன்னேன். குனியத் தெரியாமல் குனிந்தது உங்கள் தவறு என்றாள்.

விசில்காரர் வேலைக்குத் திரும்பினார். அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஒரு தடவை அவருடைய நாற்காலிவரை போனேன். மனைவியின் கண்ணைப் பற்றிக் கேட்டேன். "கட்டு பிரிச்சதும் என்னப் பாத்து, 'இவ்ளோ வயசாயிடுச்சா உங்களுக்கு'ன்னு கேக்கறா சார்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஸ்டாப்பரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால், அது இருந்தது எனக்குத் தெரியும், எடுத்தது நான், எடுத்தால் ஆபத்து என்பதும் தெரியும் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். அந்த மூன்றையும் கோர்ட்டில் திருப்பிச் சொல்கிற மனிதர் அவர். பேசாமல் வந்துவிட்டேன்.

கோர்ட்டு ஆள் வந்து பார்த்துப் போனார். குறை எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கே வேறொரு ஸ்டாப்பரை வைத்திருக்கலாமே என்றுதானே கேட்க வருகிறீர்கள். வழக்கு முடியவில்லையே.

அடுத்து வந்த ஒரு காலை. மூன்றாவது மாடிக்குக் குடிவருகிறவர்களின் சாமான் லாரி வந்து நின்றது. நான் பால்கனியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கீழே கேட் நேராகத் தெரியும். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். விசில்காரர் எழுந்து, என்னைப் பார்த்துக் கை தூக்கி வணக்கம் வைத்துவிட்டு, கேட்டின் கம்பியைப் பிடித்தார். லாரிக்கு முழுக்கத் திறக்க வேண்டும். முழுக்கத் திறந்தால் என்ன நடக்கும் என்று இந்த உலகத்தில் தெரிந்தவன் அந்த நேரத்தில் நான் ஒருவன்தான்.

வாயில் நுரை இருந்தது. அதனால் கூப்பிட முடியவில்லை என்றுதான் போலீஸிடம் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். துப்பிவிட்டுக் கூப்பிட நேரம் இருந்தது. கேட் அந்த அளவுக்கு மெதுவாகத்தான் நகரத் தொடங்கியது. நான் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் அவர் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருந்தது என்பது அப்போது என் மனதில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. வேறெதுவும் இருக்கவில்லை. அவர் ஓட்டமும் நடையுமாக, தோளைக் கொடுத்து, நம்பிக்கையோடு தள்ளிக்கொண்டே போனார். கேட் முனைக்கு வந்தது. நிற்கவில்லை.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். நான் வாய் கொப்பளித்துவிட்டு இறங்கிப் போனேன். லாரியில் வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் கேட்டைத் தூக்கினார்கள். பார்க்கிற மாதிரி இல்லை. எனக்கு அழுகை வந்தது, அதை யாரும் நடிப்பு என்று சொல்ல முடியாது.

பார்சல்காரர் வழக்கு எங்கள் பக்கம் முடிந்தது. ஸ்டாப்பர் உடைந்தது எனக்கு முன்பே தெரியும் என்று சொல்ல ஆள் இல்லை. என் பெயருக்கு நேராக 'அலட்சியம் நிரூபிக்கப்படவில்லை' என்று நீதிபதி வாசித்தபோது மூச்சு விட்டேன் பாருங்கள், அப்படி ஒரு நிம்மதி என் கல்யாணத்தன்றுகூட இல்லை. பார்சல்காரர் அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு என்னைக் கடந்து போனார். வழிவிட்டு நின்றேன்.

பிறகு விசில்காரரின் மனைவி வந்தார். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. இழப்பீடு ஏதாவது வருமா என்று கேட்டார். நான் பொறுமையாக விளக்கினேன். ஒருவர் சாவதால் மட்டும் பணம் வராது, தவறு வேறொருவர் பக்கம் இருக்க வேண்டும். ஸ்டாப்பர் இல்லாதது உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும், முதலில் கண்டுபிடித்ததே அவர்தான். தெரிந்தும் வேகமாகத் தள்ளினார். என்ன செய்வது.

அந்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அவரு எதுலயும் அப்படி அவசரப்படற ஆளு இல்லையே சார். என் கண்ணு நெனப்புலதான் கவனம் தப்பிடுச்சு போல. என்னாலதான் எல்லாம்." எழுந்து நின்று கும்பிட்டார். "அவரால உங்களுக்கும் எவ்ளோ அலைச்சல், போலீசு, கேள்வி. மன்னிச்சிடுங்க சார்."

பரவாயில்லை என்றேன்.

என் மனைவி சமையலறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் என்னோடு பேசவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் பெண்களுக்கு ஒரு மூக்கு உண்டு. பட்டறைக்காரருக்கும் பிறகு தூக்கம் கெட்டிருக்க வேண்டும். அந்த அம்மாளைத் தேடிப்போய், வெட்டியதைப் பற்றியும் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். அவர் தைரியம் கொடுத்துத்தான் அந்த அம்மாள் இப்போது வழக்குப் போட்டிருக்கிறார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். வெட்டிய கை அவருடையது. அவர் நல்லவர் ஆகிவிட்டார்.

நீங்கள் இரண்டு விஷயம் சொன்னீர்கள். விபத்துக்குப் பிறகு செய்கிற பழுதுபார்ப்பை நீதிமன்றம் தவறுக்கு ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாது, அப்படி எடுத்தால் உலகத்தில் ஒருவரும் எதையும் சரிசெய்ய மாட்டார்கள் என்பதற்காகவே அந்த விதி இருக்கிறது என்றீர்கள். இருக்கலாம். என் காலத்தில் எங்கள் பிரிவில் நாங்கள் அதை ஒப்புதலாகத்தான் எடுத்துக்கொண்டோம். நாங்கள் எடுத்துக்கொண்டதை எதிர்த்துக் கோர்ட்டுவரை போக யாருக்கும் வசதி இருக்கவில்லை, அதனால் அது சரியா என்று பார்க்கிற சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு ஜீரணமாகவில்லை. இப்போதெல்லாம் இந்த மாதிரி ஆபத்தான பொருள் வைத்திருக்கிறவர், தவறு செய்தாலும் செய்யாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். யார் அலட்சியம் என்ற கேள்வியே எழாது. அதற்காகத்தான் குடியிருப்பின் பெயரில் பாலிசி இருக்கிறது. பார்சல்காரர் வக்கீல் பழைய முறையில் வழக்குப் போட்டதால்தான் தோற்றார், நேராகக் கம்பெனிக்கு வந்திருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார்கள் என்கிறீர்கள். அதாவது நான் அன்றே ஸ்டாப்பரை வைத்துவிட்டு, பாலிசியை எடுத்துப் பார்சல்காரர் கையில் கொடுத்திருந்தால், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. விசில்காரரும் கீழே உட்கார்ந்து விசில் ஊதிக்கொண்டிருப்பார். அப்படித்தானே?

இல்லை, நீங்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. அப்படிக் கொடுத்திருந்தால் தவறு யாருடையது என்று யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரும் செயலாளருடையது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு என் பெயரில் தவறில்லை என்று ஒரு நீதிபதி சொல்லியிருக்கிறார். தவறே பார்க்காமல் பணத்தைத் தூக்கிக் கொடுப்பதை நீங்கள் வேண்டுமானால் முன்னேற்றம் என்று சொல்லுங்கள். மனிதன் எதை வைத்துத் தன்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்வான்?

நடந்தது இவ்வளவுதான். ஸ்டாப்பரை வெட்டச் சொன்னவன் நான். வெட்டியதை அவரிடம் மறைத்தவன் நான். அவர் சாகப்போகிறார் என்று தெரிந்து, நின்று பார்த்தவன் நான். இதை நீங்கள் கொலை என்று எழுதுவீர்கள் என்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. எழுதுங்கள். நான் அவர்மேல் ஒரு விரலையும் வைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வாசல் கேட்டா? இல்லை, இன்னும் ஸ்டாப்பர் வைக்கவில்லை. அந்த அம்மாளின் வழக்கு நிலுவையில் இருக்கும்போது எப்படி வைக்க முடியும்? புது வாட்ச்மேனாக வர ஆளே கிடைக்கவில்லை, கேள்விப்பட்டு எல்லோரும் ஓடிவிடுகிறார்கள். கடைசியில் என் மைத்துனனையே போட்டிருக்கிறேன், என் மனைவியின் ஒரே தம்பி. வரும்போது உங்களுக்குத் திறந்துவிட்டானே, அவன்தான். வேலையில்லாமல் இருந்தான், நல்ல பையன், கொஞ்சம் துடுக்கு. அவனிடம் எதையும் மறைக்கவில்லை. முனையில் ஸ்டாப்பர் இல்லை, வேகமாகத் தள்ளாதே என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டேன். நாலு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.